மூன்றாவது ஊசி

நிற்கும் போர்விமானத்தின் சக்கரங்கள் மடங்கிவிடாமலிருக்கக் குத்தும் மூன்று ஊசிகளைக் கிளம்பும் முன் உருவுவதும், இறங்கியதும் திரும்பக் குத்துவதும் மெக்கானிக் பலவேசத்தின் வேலை. இன்று ஷெரின் ஓட்டிய விமானம் ஓடுதளத்துக்கு மேல் நான்காம் முறை சுற்றிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் குழாய் வெடித்து இடது சக்கரம் உள்ளேயே சிக்கியிருந்தது.

"பலவேசம், ஊசியோட நிக்கிறீங்களா?" வயர்லெஸ்ஸில் அவள் கேட்டாள்.

"மேடம், ரெண்டு சக்கரந்தான் வந்திருக்கு."

"மூணையும் கொண்டாங்க. நான் எறங்குறேன்."

விமானம் இரண்டு சக்கரங்களில் தரையைத் தொட்டது. இடது இறக்கை சரிந்து, தீப்பொறி பறக்கத் தேய்ந்து, அரைவட்டமடித்துப் புல்லில் நின்றது. தீயணைப்பு வண்டிகளுக்கு முன்னால் பலவேசம் ஓடினார். முன்சக்கரத்தில் ஒன்று, வலதில் ஒன்று குத்தினார். மூன்றாவதைப் பிடித்தபடி விழித்தார்.

இறக்கையில் சறுக்கி இறங்கிய ஷெரின் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கொண்டை அவிழ்ந்து விழுந்தது.

"அத இங்க குடுங்க."

முடியைச் சுருட்டி ஊசியைச் செருகிக்கொண்டு, தீய்ந்த ஓடுதளத்தின் நட்டநடுவே நடந்தாள். ஊசியில் தொங்கிய சிவப்பு நாடா முதுகில் படபடத்தது. அதில் எழுதியிருந்தது: 'பறக்கும் முன் அகற்றவும்.'