காலிப் பெட்டி

"அப்பா, நான் பெரியம்மாகூடப் போகணுமா?"

நண்டு வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஏழு வயசு. வீட்டில் எல்லோரும் அவளை நண்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவன் கையில் இருந்த கருகிய பாத்திரத்தை எங்கே ஒளிப்பது என்று தவித்துக்கொண்டிருந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கச் சொன்னால் பாட்டுப் பாடிக்கொண்டே தொங்குவான். அப்பேர்ப்பட்டவன் காலையிலிருந்து ஒரு சமையல் பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைதான் கதி. விஷயம் மனைவியின் அக்கா காதுக்குப் போய்விட்டது. போன வாரம் போன் வந்தது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வர்றேன் தம்பி. நீங்க சமைச்சது இருக்கணும். அன்னிக்கும் கடைச் சாப்பாடுதான்னா பிள்ளையை நான் கூட்டிட்டு வந்துடணும். இங்க நம்ம வீட்ல எல்லாரும் பேசி முடிவு பண்ணியாச்சு."

போனில் வீடியோ பார்த்துத்தான் ஆரம்பித்தான். அரிசி, பருப்பு, காய் எல்லாம் ஒரே பாத்திரத்தில். 'புதுசா சமைக்கிறவங்களுக்கு ரொம்ப ஈஸி' என்று சிரித்தாள் அந்தப் பெண். கொஞ்ச நேரம் தளதளவென்று கொதித்தது. அப்புறம் சத்தம் அடங்கியது.

லிஃப்டில் சத்தம் இல்லை என்றால் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். அவன் நிம்மதியாகக் கூடத்தைப் பெருக்கப் போய்விட்டான். அடுப்பில் சத்தம் இல்லை என்றால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பதை அவனுக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

புகை வந்த பிறகுதான் ஓடினான். அங்கிருந்து நேராகக் கடைக்கு ஓடினான். வாங்கி வந்ததை வேறு பாத்திரத்தில் கொட்டி மூடினான். கருகியதைத் துணி துவைக்கும் மெஷினுக்குள் வைத்து மூடுவதற்கும் வாசல் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

"நண்டு, பெரியம்மாகிட்ட வாயைத் திறக்கக் கூடாது. சரியா?"

அவள் தலையாட்டினாள்.

அக்கா பெரிய பெட்டியோடு நின்றிருந்தாள். "குடுங்கக்கா" என்று வாங்கினான். பெட்டி பஞ்சு மாதிரி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. யாருடைய துணிமணிக்கு என்று புரிந்ததும் அதைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவைத்தான்.

"என்ன தம்பி, தீஞ்ச வாடை வருது?"

"பக்கத்து வீட்லக்கா."

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

"உப்பு, காரம் எல்லாம் கச்சிதமா இருக்கே. நீங்களா பண்ணீங்க?"

"ஆமாக்கா."

"தினமும் பண்ணுவீங்களா?"

"தினமும்தான்."

நண்டு ஒரு வாய்கூட வைக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது.

அக்கா அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள். துண்டில் துடைத்தாள். துண்டு அழுக்காக இருந்தது. அதைத் துவைக்கப் போடலாம் என்று மெஷின் பக்கம் போனாள்.

"அக்கா, அதை நான் போட்டுக்கறேன்..."

அதற்குள் மூடியைத் திறந்துவிட்டாள்.

"ஏன் தம்பி, இந்த வீட்ல பாத்திரத்தையும் மெஷின்ல போட்டுத்தான் துவைக்கிறீங்களா?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நான் பண்ணது அதுதான்க்கா. கருகிடுச்சு. நீங்க சாப்பிட்டது கடையில வாங்கினது. நேத்தும் பண்ணிப் பார்த்தேன், குழைஞ்சு போச்சு. முந்தாநாள் வேகவே இல்ல. கத்துக்குவேன்க்கா. இவளை மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க."

அக்கா பாத்திரத்தை வெளியே எடுத்தாள். கரண்டியால் மேலாக்க எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"உப்பே இல்ல."

"மறந்துட்டேன்."

"நண்டு, என் பெட்டியை எடுத்துட்டு வா."

அவன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டான். அவள் மெதுவாகக் கையை விலக்கிவிட்டு, விசும்பிக்கொண்டே போய்ப் பெட்டியை உருட்டி வந்தாள். பெரியம்மா சொன்னால் தட்டக் கூடாது என்று அம்மா பழக்கியிருந்தாள்.

அக்கா பெட்டியைத் திறந்து வைத்தாள். பாத்திரத்தில் கருகாமல் இருந்த மேல் பாகத்தை மூன்று தட்டில் எடுத்து வைத்து உப்புத் தூவினாள். அடியோடு ஒட்டிக் கரியாகிக் கிடந்த பாத்திரத்தைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"கடைச் சாப்பாட்டை எந்த அப்பன் வேணாலும் வாங்கிடலாம். இப்படிக் கருக்கணும்னா அடுப்புல ஏத்தியிருக்கணும். பொய் சொன்னதுக்கு உங்களுக்குத் தனியா இருக்கு. முதல்ல எந்திரிச்சு சாப்பிடுங்க."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்தப் பாத்திரத்தை எதுக்குக்கா கொண்டு போறீங்க?"

"'அவனாவது, அடுப்புப் பக்கம் போறதாவது, பிள்ளையைத் தூக்கிட்டு வா'ன்னு எல்லாருமா சேர்ந்து இந்தப் பெட்டியை என் கையில குடுத்து அனுப்பினாங்க. 'போவாரு'ன்னு சொன்னது நான் ஒருத்திதான். சாட்சி வேணாமா?"