கன்னிமூலைக் கூரை

காரமடையில் கட்டப்போகும் வீட்டைக் கிருபாசங்கர் புதுக் கம்ப்யூட்டரில் வரைந்து, மனைவி மோகனப்பிரியாவுக்குக் காட்டினான். மாடியறையின் சாய்வுக் கூரை, வாஸ்துப்படி உயர்ந்திருக்க வேண்டிய தென்மேற்குக் கன்னிமூலையில் இடுப்பளவுக்குத் தாழ்ந்திருந்தது. அளவுக்காகத் தங்கள் இருவர் உயரத்தில் படத்துக்குள் இரண்டு பொம்மைகளை நிறுத்தியிருந்தான். தாழ்ந்த மூலையில் மூன்றாவதாக ஒருத்தி குனிந்து நின்றாள்.

“ஏனுங்க, யாரு இவ?”

“நான் வெக்கல அம்மணி. அழிச்சாலும் மறுக்கா வந்துர்றா.”

“கண்ணாலத்துக்கு முந்தியே பழக்கமுங்களா? அவளுக்கும் சேத்தித்தான் ஊடு கட்டறீங்களாக்கும்!”

மோகனப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேச்சை மாற்ற, அவன் அந்த மூலைக் கூரையை உயர்த்தினான். படம் வரிவரியாக மாறியது. மூலையில் நின்றவள் நிமிர்ந்தாள்.

கிருபாசங்கர் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். மோகனப்பிரியா அவன் தோளைப் பற்றினாள். அவ்வளவு உயரமான கூரையின் கீழ், அவர்கள் இருவரின் பொம்மைகளும் அவள் முன் மெல்லத் தலை குனிந்தன.