பெரிய டாக்டரின் மறதி

"சார், நில்லுங்க! கை கழுவாம உள்ளே போகாதீங்க!"

தீக்காய வார்டு வாசலில் பெரிய டாக்டர் அப்படியே நின்றார். அவர் பின்னால் வந்த ஏழெட்டு டாக்டர்களும் நர்ஸுகளும் நின்றார்கள்.

அதட்டியது யார் என்கிறீர்கள்? தரை துடைக்கிற ஆயா!

"மறந்துட்டேம்மா" என்று திரும்பிப் போய்க் குழாயைத் திறந்தார், முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட மனுஷர். கூட வந்தவர்களும் வரிசையில் நின்று சோப்புப் போட்டார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி பதறி எழுந்தாள். உள்ளே கிடப்பது அவளுடைய ஒரே தம்பி. சலவை ஆலையில் பாய்லர் நீராவி அடித்து முதுகு முழுக்க வெந்துபோயிருந்தது. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டியிருந்தார்கள். கிருமி மட்டும் புகுந்துவிட்டால் ஒட்டிய தோல் நிற்காது, உயிருக்கே ஆபத்து என்று முன்பே சொல்லிவிட்டார்கள். தோல் பிடித்ததா இல்லையா என்று தெரிய இன்னும் நாலு நாள் இருந்தது.

இந்த நேரம் பார்த்தா டாக்டரோடு மல்லுக்கு நிற்பாள் இந்தப் பொம்பளை? அந்தக் கோபத்தை அவர் தம்பி மேல் காட்டினால்?

மறுநாளும் அதே கூத்து. அதற்கடுத்த நாளும்.

டீச்சர் ஆயாவிடம் கேட்டே விட்டாள். "ஏம்மா, அவ்வளவு பெரிய டாக்டரை எல்லார் முன்னாடியும் இப்படியா அதட்டறது? தனியா கூப்பிட்டுச் சொன்னா என்ன?"

"கிருமி பெரியவங்க சின்னவங்க பார்க்கிறதில்ல டீச்சர். நீங்க வாட்சைக் கழட்டிட்டு நல்லாக் கழுவுங்க. ம்... முழங்கை வரைக்கும்!"

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினாள். அன்று டாக்டர் வெளியே வந்ததும் பின்னாலேயே ஓடினாள்.

"சார், அந்த ஆயா பேசறதை மனசுல வெச்சுக்காதீங்க. நாலெழுத்து படிக்காதவ. வேணும்னா நானே மேலிடத்துக்கு எழுதிப் போடறேன்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அதெல்லாம் வேண்டாம்மா. நீங்க தம்பியைப் பாருங்க."

அந்தச் சிரிப்பு டீச்சருக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. உள்ளே எரிச்சலை வைத்துக்கொண்டுதான் இப்படிச் சிரிக்கிறார் என்று நினைத்தாள்.

நாலாம் நாள் கட்டைப் பிரித்தார்கள்.

"ஒரு சொட்டு சீழ் இல்லை. தோல் அருமையாப் பிடிச்சிருக்கு" என்றார் டாக்டர்.

டீச்சர் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் நேரே ஆயாவிடம் போய் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்களைத் திமிர் பிடிச்சவன்னு நெனச்சேம்மா. மன்னிச்சுக்குங்க. உங்களை மாதிரி தைரியம் யாருக்கு வரும்? நீங்க நல்லா இருக்கணும்."

ஆயாவுக்குக் கூச்சமாகிவிட்டது.

"அட, எனக்கு ஏது தைரியம்? போன வருஷம் ஒரு சின்ன வயசு டாக்டர் கை கழுவாமயே ஒரு பொண்ணோட கட்டைப் பிரிச்சாரு. பக்கத்துலதான் நின்னேன். நமக்கெதுக்கு வம்புன்னு வாயை மூடிக்கிட்டேன். சீழ் வெச்சு, ஆறாம் நாள் அந்தப் பொண்ணு போயிடுச்சு. எனக்குச் சோறு இறங்கல, தூக்கம் வரல. வேலை போனாலும் போகட்டும்னு பெரிய டாக்டர்கிட்ட போய்ச் சொல்லி அழுதேன்."

"திட்டினாரா?"

"இல்லையே. என்னை உட்காரச் சொன்னாரு. அப்புறம், 'நாளையிலேருந்து தினமும் நான் கை கழுவாம வந்து நிக்கிறேன். எல்லார் காதுலயும் விழற மாதிரி என்னைச் சத்தம் போடுங்க. என்னையே அதட்டினவங்கன்னு தெரிஞ்சா, அப்புறம் உங்களை யாரும்மா எதிர்த்துப் பேசுவாங்க'ன்னாரு."