காயும் நேரம்

அறையில் ஒரே ஜன்னல். அந்த வெளிச்சத்தில்தான் அவள் செயற்கைக் கண் செய்து பிழைக்கிறாள். அதே வெளிச்சத்தில்தான் ஆள் உயர ஓவியத் துணியில் அவளுடைய கடல் பாதியில் நிற்கிறது. நாளை காலை அதைக் கண்காட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். வேலையை விடுகிற எண்ணமில்லை, கடலை விடுகிற எண்ணமும் இல்லை. நாற்காலியில் தையல்காரர், இடக்கண் இருந்த இடத்தில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வலக்கண்ணைப் பார்த்துப் பார்த்துப் புதுக்கண்ணுக்குப் பழுப்பு பூசுகிறாள், சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து நரம்பாக ஒட்டுகிறாள். ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும். காயும் நேரம் அவளுடையது. ஊசி போன்ற தூரிகையை வைத்துவிட்டுப் பட்டைத் தூரிகையை எடுக்கிறாள். நகத்தளவுக்குள் ஒடுங்கியிருந்த கை தோளிலிருந்து வீசுகிறது, ஓர் அலை எழும்புகிறது. “காஞ்சிருச்சாம்மா?” என்கிறார் தையல்காரர். தட்டிலிருக்கும் கண்ணைத் தொட்டுப் பார்க்கிறாள். காய்ந்திருக்கிறது. அலைக்கு இன்னும் நுரை வைக்கவில்லை. வெளிச்சமோ நகரத் தொடங்கிவிட்டது. “இல்லண்ணே, இன்னும் கொஞ்சம்.” “எங்க, என் கண்ணப் பாத்துச் சொல்லு.” “அதான் தட்டுல இருக்கே.” தையல்காரர் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். “பட்டன் மட்டுந்தான் பாக்கின்னு தெனமும் சொல்றவன்ம்மா நான். எங்கிட்டயேவா?” எழுந்து, கடல்மேல் விழுந்துகிடந்த தன் நிழல் விலகும்வரை நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்காருகிறார். அவள் திரும்பாமலே தூரிகையை வெள்ளையில் அழுத்துகிறாள்.