முதல் லோடு

"யாரு வீட்டு சாமானா இருந்தா எனக்கென்னடா? பீரோ எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், அதைச் சொல்லு. அளவு தெரியாம நான் ஒரு ஓட்டை போட மாட்டேன்."

டிரில்லைக் கையில் பிடித்துக்கொண்டு டிரெய்லருக்குள் நின்று கத்தினார் பட்டறைக்காரர். வெளியே மச்சினன், பெண்டாட்டியின் தம்பி, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். புதிதாக வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் இறங்கியிருக்கிறான். ஜீப்புக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற மூடிய டிரெய்லர்; உள்ளே சாமானைப் பெல்ட் போட்டுக் கட்ட, சுவரில் இரும்பு ரெயில் பதிக்க வேண்டும். அக்கா புருஷன் பட்டறை வைத்திருக்கும்போது வேறெங்கே போவான்?

"அளவு எடுக்கல மாமா. ஒரு பீரோ, ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின். மெஷின்தான் முக்கியம். இனிமே அதை வெச்சுத்தான் அவங்க பொழைக்கணும். அது சாஞ்சு உடைஞ்சுதுன்னா சோத்துக்கே வழியில்ல."

டீ கொண்டுவந்த மனைவி டம்ளரை ஓரமாக வைத்தாள். "ரெயிலை முழங்கால் உயரத்துல ஒண்ணு, நெஞ்சு உயரத்துல ஒண்ணு போட்டா பீரோ, மெஷின் ரெண்டுக்கும் ஆகுமில்ல?"

"உன்னை யாராவது கேட்டாங்களா? வந்துட்டா பெரிய இன்ஜினியர்! வெளிச்சத்தை மறைக்காம உள்ள போ."

போய்விட்டாள். அந்த வீட்டில் இதெல்லாம் ஒரு பேச்சே இல்லை, தினப்படி சமாச்சாரம்.

பட்டறைக்காரருக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. "டேய், எல்லா வீட்டு பீரோவும் ஒரே அச்சுதான். எங்க வீட்டுல இருக்கிறதை அளந்துட்டு வந்தா முடிஞ்சுது. இதுக்குத்தான் மூளை வேணுங்கிறது."

மச்சினன் அளவு டேப்பை எடுத்துக்கொண்டான். பின்னாலேயே நடந்தான்.

வீடு பட்டறைக்கு அடுத்த வாசல். பீரோவின் பின்பக்கம் டேப் நுழையவில்லை, தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். வெள்ளையடித்தபோது ரெண்டு ஆள் சேர்ந்து நகர்த்தின பீரோ, சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது.

"பாத்தியாடா? அம்பது வயசு ஆச்சு, கை பலம் அப்படியே இருக்கு!" என்று புஜத்தைத் தட்டிக்கொண்டார். அவர் அந்த பீரோவைத் திறந்ததே கிடையாது. அவர் சட்டையெல்லாம் சுவர் ஆணியில்தான் தொங்கும்.

அடுத்தது தையல் மெஷின். அதன் இரும்புக் காலில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெல்டு. சாப்பாடு தாமதம் என்று போன மாசம் அவர் விட்ட உதையில் விரிசல் கண்ட கால் அது.

வெல்டைத் தடவிப் பார்த்தார். "நான் வெச்சது. ஒரு ஆட்டம் இருக்கா, சொல்லு?" உதைத்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாரா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். ஒட்டவைத்துக் கொடுத்ததே பெரிய உபகாரம் என்பது அவர் நினைப்பு.

மறுபடி டிரெய்லர். உள்பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டித் தட்டி, பின்னால் இரும்புச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். "வெறும் பலகைல ஸ்க்ரூ அடிச்சா முதல் வளைவுலயே பிடுங்கிட்டு வந்துடும். சட்டத்தைத் தேடிப் பிடிக்கணும். தெரிஞ்சுக்க."

ரெயில் எங்கே ஏறியது தெரியுமா? முழங்கால் உயரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று. "எப்படி என் ஐடியா?" என்று வேறு கேட்டார். மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா!

கடைசி ஸ்க்ரூவையும் முறுக்கிவிட்டு, மேல் ரெயிலைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"பீரோவை முன்னாடி ஏத்து. கனத்தைப் பின்னாடி வெச்சா வண்டி வாலாட்டும். மெஷினுக்கு ரெண்டு பெல்ட் போடு, நடுவுல பழந்துணி வை. ஒரு பொருளை நாம கையில எடுத்துட்டா அது இடிபடக் கூடாது, கீறல் விழக் கூடாது. அதுதான்டா பொறுப்பு."

சொன்ன வாயைப் பார்க்க வேண்டும்.

"சரிங்க மாமா."

"சரி, எப்போ முதல் லோடு?"

"இப்பவே."

"இப்பவேவா? எங்க போய் ஏத்தணும்?"

மச்சினன் ஜீப்பில் ஏறி ரிவர்ஸ் எடுத்தான். டிரெய்லர் பட்டறையை விட்டு வெளியே வந்து, அடுத்த வாசலில், அவர் வீட்டு வாசலில் போய் நின்றது. இறங்கி வந்து பின்கதவு ரெண்டையும் விரியத் திறந்தான்.

வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். தோளில் பை, காலில் செருப்பு.

"தம்பி, பீரோவை முதல்ல ஏத்து. மாமா சொன்ன மாதிரி முன்னாடி வை. மெஷினுக்கு நான் துணி எடுத்து வெச்சிருக்கேன்."

பட்டறைக்காரர் டிரில்லோடு அப்படியே நின்றார். "ஏய், என்னடி இது?" என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் சத்தம் எழும்பவில்லை. இத்தனை வருஷம் கத்தின தொண்டை, தேவைப்பட்ட நேரத்தில் காலை வாரிவிட்டது.

மச்சினனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், பிடித்துக்கொள்ள அவருக்கு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. "அந்த பீரோ என்ன கனம் தெரியுமா? ரெண்டு ஆள் இல்லாம அசையாது. நான் கை கொடுக்க மாட்டேன். எப்படிக் கொண்டு போறீங்கன்னு பாக்கறேன்."

அவள் கத்தவில்லை, அழவுமில்லை.

"நேத்தே காலி பண்ணிட்டேங்க. நீங்கதான் காலையில தள்ளிப் பாத்தீங்களே."