பத்து என்று போட்ட டப்பா

“எவனோ ஒருத்தன் எங்களை ஏமாத்தியிருக்கான். அவன் யாருன்னு தெரியாம இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்!”

லுவெல்லா மிட்டாய் டப்பாவைக் கண்ணாடி மேஜைமேல் அடித்த அடியில், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரி வெர்னாவுக்குப் பயம்தான். முகத்தில் காட்டவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய டயர் விற்று, பேரம் பேசிப் பேசியே கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கும் அமெரிக்க மாநிலமான ஒரிகனில் சொந்தமாகக் கஞ்சாக் கடை போட்டவள். அரசாங்க லைசென்ஸ் பின்சுவரில் தொங்குகிறது. ஒரு புகார் போனால் அது இறங்கிவிடும்.

“மெதுவா, லுவெல்லா. என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சா? ஆர்வில் எப்பவும் போல ராத்திரி வலிக்கு ரெண்டு கஞ்சா மிட்டாய் தின்னுட்டுப் படுத்தார். காலையில எழுப்புறேன், உலுக்குறேன், மனுஷன் அசையலை. மூச்சு வருதான்னு மூக்குகிட்ட கையை வச்சுப் பார்த்தேன்!”

வரிசையில் யாரோ “அடக் கடவுளே” என்றார்கள். மரம் வெட்டப் போன காட்டில் முதுகில் மரம் விழுந்து, படுக்கையும் வலியுமாகக் கிடக்கும் அவள் புருஷன் ஆர்விலை ஊரில் தெரியாதவர் இல்லை.

“இப்ப எப்படி இருக்கார்?”

“எழுந்துட்டார். எழுந்து உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழறார்.”

உயிர் இருக்கிறது. பயம் போன இடத்தில் வெர்னாவுக்குக் கோபம் வந்து உட்கார்ந்தது.

எல்லாம் இந்தப் புது விதியால் வந்த வினை. முன்பெல்லாம் மிட்டாய் செய்கிறவனே நல்லதாகப் பார்த்து நாலு எடுத்து லேபுக்கு அனுப்புவான். லேபும் அவன் கேட்ட நம்பரையே எழுதிக் கொடுக்கும். இப்போது லேப் ஆளே நேரில் வந்து, கைக்கு அகப்பட்ட டப்பாவைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகிறான். ஒரு மிட்டாய்க்குப் பத்து மில்லிகிராம் கஞ்சாச் சத்து என்று லேபிளில் இருந்தால் உள்ளேயும் பத்து இருந்தாக வேண்டும். அதிலிருந்து, ‘மிட்டாய் ஆளைத் தூக்கி அடிக்குது’ என்று யாராவது வந்து நின்றுகொண்டே இருக்கிறார்கள். போதாததற்கு, மிட்டாய் செய்யும் டெல்மர் விலையையும் ஏற்றிவிட்டான்.

அந்த டெல்மர் அப்போது கடைக்குள்தான் இருந்தான், புதுச் சரக்கை அலமாரியில் அடுக்கிக்கொண்டு.

“பார்த்தியாய்யா? உன் மிட்டாயால ஒரு மனுஷன் போகப் பார்த்தார்!”

டெல்மர் அடுத்த டப்பாவை எடுத்து அடுக்கினான்.

வெர்னா லுவெல்லா பக்கம் திரும்பினாள். “இங்க பாருங்க, ‘முதல்ல பாதி தின்னுங்க, ரெண்டு மணி நேரம் பொறுங்க’ன்னு போர்டே மாட்டியிருக்கேன். இருந்தாலும் நம்ம ஆர்வில். காசைத் திருப்பித் தரேன்.”

லுவெல்லா டப்பாவை இன்னும் முன்னால் தள்ளினாள்.

“சரி, கூட ஒரு டப்பா சும்மா தரேன்.”

லுவெல்லா மறுத்துத் தலையை ஆட்டினாள்.

“ரெண்டு! இதுக்கு மேல பேரம் பேசாதீங்க, எனக்குக் கட்டாது.”

“இங்க யாரு பேரம் பேசறது? இந்த டப்பாவுல ஒரு குத்தமும் இல்ல!”

லுவெல்லா கைப்பையைத் துழாவி, நசுங்கிப்போன காலி டப்பா ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“இது பழசு. இதுலயும் பத்து, அதுலயும் பத்து. ஒரே பேரு, ஒரே படம். இத்தனை நாளா இதுல ரெண்டு தின்னுட்டு, ‘வலி போயிடுச்சு லூ, நீ தூங்கு’ன்னு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவார். நானும் நம்பித் தூங்கினேன். குறட்டை விட்டுத் தூங்கினேன், வெர்னா! இன்னைக்குக் காலையிலதான் சொல்றார். மரம் விழுந்த பிறகு, நேத்து ராத்திரிதான் முதல் தடவையா வலியில்லாம தூங்கினாராம்.”

லுவெல்லா பழைய டப்பாவை விரலால் தட்டினாள்.

“ஏன்யா என்கிட்ட சொல்லலைன்னு கத்தினேன். ‘டப்பாவுல பத்துன்னு போட்டிருக்கே லூ. மருந்து சரியாத்தான் இருக்கு, என் உடம்புதான் எதுக்கும் உதவாமப் போச்சுன்னு நினைச்சேன்’ங்கறார். இப்பச் சொல்லு. பழைய டப்பாவுல கை வச்சவன் எவன்?”

வெர்னாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

“டெல்மர்! கேக்கறாங்கல்ல? வாயில என்ன மிட்டாயா வச்சிருக்க?”

டெல்மர் நிமிர்ந்து வெர்னாவை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

“நான்தாம்மா. பாதிதான் போட்டேன். தப்பு என்னோடது. இப்பவே வந்து ஆர்வில்கிட்ட சொல்லிடறேன்.”

அந்தப் பார்வை வெர்னாவை விடவில்லை. கடையின் பின்வாசலில், கொட்டுகிற மழையில் அவனை நிற்க வைத்து, அடிமாட்டு விலைக்குப் பேசி ஜெயித்த நாள் கண்முன் வந்தது. தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன நாள்.

டெல்மர் கதவுவரை போய்விட்டான்.

“நில்லுய்யா!”

வெர்னாவின் குரல் இத்தனை சன்னமாக இறங்கி அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை.

“இந்த விலைக்குப் பத்து போட முடியாதுன்னு இவன் அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டான், லுவெல்லா. ‘உள்ள எதையாவது போடு, வெளியில பத்துன்னு இருந்தாப் போதும்’னு சொன்னது நான்.”

லுவெல்லா கத்துவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“அப்போ நீ வந்து வண்டியில ஏறு, வெர்னா. ‘பொய் டப்பாவுலதான் இருந்துது, உங்க உடம்புல இல்ல’ன்னு அவர் முகத்தைப் பார்த்து நீயே சொல்லு!”