மாநிலப் பறவை காக்கா

இணைய வினாடி வினாக் குழுவில் மூன்று வாரமாகக் கௌசல்யா டீச்சரைக் காணோம். அதனால் சிங்காரவேலுவுக்கே முதலிடம். ஆனாலும் அவனுக்குக் கை கால் ஓடவில்லை. அவர் முகமோ ஊரோ தெரியாது. யார் தப்பாகப் பதில் போட்டாலும் அவரால் தாங்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

"தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எது?"

நான்கு வருடமாகத் தப்பே போடாத சிங்காரவேலு, நகத்தைக் கடித்துக்கொண்டு "காக்கா" என்று அடித்தான்.

"அண்ணே, வெயில்ல நின்னீங்களா?" என்று குழுவே சிரித்தது.

"காக்காதான். இல்லைன்னு யாரு வேணா வந்து சொல்லட்டும், பாப்போம்."

யாரோ மரகதப்புறா என்று எழுதிவிட்டார்கள். அடுத்த கேள்விக்கும் அவன் தப்பாகவே அடித்தான்.

டீச்சர் பெயரருகே 'எழுதுகிறார்' என்று தோன்றியது, மறைந்தது, மறுபடி தோன்றியது. சிங்காரவேலு நாற்காலியை விட்டு எழுந்து நின்றான்.